அக்காரவடிசில்: மூன்று பாசுரங்கள், ஒரு தளிகை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மார்கழி 27ஆம் நாள் நம் இல்லங்களில் அடுப்பேறும் அக்காரவடிசிலைப் பற்றி ஓர் ஐயத்தை முன்வைத்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். அன்று நாம் அநுஸந்திக்கும் திருப்பாவை 27ஆம் பாசுரத்தில் அக்காரவடிசில் என்னும் சொல்லே இல்லை. ஆண்டாள் அங்கே அருளிச்செய்திருப்பது பாற்சோறு. பால் உண்டு, சோறு உண்டு, அந்தச் சோறு கண்ணுக்குத் தெரியாதபடி வார்த்த நெய் உண்டு. வெல்லமோ சர்க்கரையோ சொல்லப்படவில்லை. அப்படியிருக்க, தலைமுறை தலைமுறையாக நாம் இனிப்பிட்ட அக்காரவடிசிலையே அன்று ஸமர்ப்பித்து வருவது எதனால்?

வழக்கம் என்று சொல்லிக் கடந்து விடலாம். ஆனால் நம் ஸம்ப்ரதாயத்தில் வழக்கங்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு பாசுரத்தில் வேர் பிடித்தவை. இந்தத் தளிகைக்கு ஒன்றல்ல, மூன்று பாசுரங்கள் வேராக இருக்கின்றன. இன்னின்ன பண்டங்களால் ஆக்குவது என்பது பெரியாழ்வார் அருளியது. பெயர் நாச்சியார் திருமொழியில் இருக்கிறது. எப்படி உண்பது என்பதைத் திருப்பாவை சொல்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அடுப்பை மூட்டுகிறவர் சோற்றை ஆக்கிவிடுவார்; பாசுரத்தை ஆக்கினாரா என்பதுதான் நம் கேள்வி.

ஆய்ச்சியின் முறையீட்டில் ஒரு தளிகைக் குறிப்பு

பெரியாழ்வார் திருமொழி இரண்டாம் பத்து, ஒன்பதாம் திருமொழி. கண்ணனுடைய தீம்புகளைப் பொறுக்கமாட்டாத ஆய்ச்சியர் யசோதைப் பிராட்டியிடம் வந்து முறையிடும் பதிகம் இது. வெண்ணெயை விழுங்கிவிட்டு, வெறும் கலத்தைக் கல்லில் எறிந்து அது உடையும் ஓசையைக் கேட்டு மகிழ்கிறான் என்பதில் தொடங்கி, ஒவ்வொரு பாசுரத்திலும் ஒரு குற்றச்சாட்டு. ஏழாம் பாசுரத்தில் வருகிற ஆய்ச்சி தன் குறையைச் சொல்லும்போது, தான் சமைத்த பண்டம் எவற்றால் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். செந்நெல் அரிசி, சிறுபருப்பு, அக்காரம், நறுமணமுள்ள நெய், பால். ஐந்தே பண்டங்கள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்றைக்கும் நம் அக்காரவடிசில் இவ்வளவுதான்.

கோபத்தோடு வந்த ஒருத்தி சாமான்களின் பட்டியலை ஏன் சொல்ல வேண்டும்? ‘என் தளிகையைத் தின்றுவிட்டான்’ என்றாலே போதுமே. பாடுபட்டுச் சமைத்தவர்களுக்கு இது புரியும். பண்டத்தின் பெயரைச் சொன்னால் இழப்பு தெரியாது. நல்ல அரிசியாகத் தேடி எடுத்ததும், நெய் காய்ச்சிச் சேர்த்ததும், பாலைக் கறந்து வற்றவைத்ததும் தனித்தனியே எண்ணப்பட்டால்தான் கேட்பவருக்கு உறைக்கும். பெரியாழ்வார் சமைப்பவளுடைய மனத்தை அறிந்து பாடியிருக்கிறார்.

அவள் இன்னொரு கணக்கையும் சொல்கிறாள். இப்படிப் பன்னிரண்டு திருவோணம் சமைத்தாளாம். திருவோண நக்ஷத்திரம் ஏறக்குறைய 27 நாள்களுக்கு ஒருமுறை வருவது. பன்னிரண்டு திருவோணம் என்றால் கிட்டத்தட்ட 11 மாதங்கள். எம்பெருமானுக்கு உரிய அந்த நாளில் விடாமல் தளிகை ஸமர்ப்பித்து வந்தவளுடைய வீட்டிலேதான் பிள்ளை புகுந்திருக்கிறான். இவனுடைய பரிசு தனக்கு முன்பே தெரியும் என்கிறாள். முழுவதையும் விழுங்கியவன், இன்னமும் வேண்டும் என்றும் சொல்லி நிற்கிறானாம்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். நம் திருமடைப்பள்ளிகளிலும் இல்லங்களிலும் தளிகையை ஸமர்ப்பிப்பதற்கு முன் நாவில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. உப்போ இனிப்போ கையளவாலும் கண்ணளவாலுமே தீர்மானிக்கப்படும். அந்த விதியைக் காத்துப் பன்னிரண்டு திருவோணம் சமைத்தவளிடத்தில், அமுது செய்தருள வேண்டியவனே திருவாராதனத்துக்கு முன்பாக வந்து உண்டு போகிறான். அவள் பிழையாக எண்ணியது அவளுடைய நோன்பின் பலன். அதை அவள் அறியவில்லை, அதனாலேதான் முறையிடுகிறாள். பின்னாளில் இந்த ஆழ்வாரின் திருமகள் எம்பெருமானுக்குரிய மாலையைத் தான் முதலில் சூடிப் பார்த்து அனுப்பினாள். அதையும் தந்தை முதலில் பிழை என்றே எண்ணினார். ஸமர்ப்பணத்துக்கு முன்பே கை வைக்கும் செயல் அந்தத் திருமாளிகையில் இரண்டு முறை நடந்திருக்கிறது, ஒருமுறை பாட்டில், ஒருமுறை பூக்கூடையில்.

பெரியாழ்வார் திருமொழியின் பெரும்பகுதிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானம் நமக்குக் கிடைக்காமல் போய், அந்தப் பகுதிக்கு மணவாள மாமுனிகள் வ்யாக்யானம் அருளினார் என்பது வாசகர்கள் அறிந்தது. இந்தப் பதிகத்தை அநுபவிக்க விரும்புவோர் மாமுனிகளின் உரையோடு சேர்த்துச் ஸேவிக்க வேண்டும்.

இந்தப் பாசுரத்தால் ஒரு பழைய வழக்கும் தீர்கிறது. அக்காரவடிசிலில் பருப்பு சேர்க்கலாமா, சேர்த்தால் அது சர்க்கரைப் பொங்கல் ஆகிவிடாதா என்று சில இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு விவாதம் எழும். மாமியார் வீட்டில் சேர்ப்பார்கள், பிறந்தகத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று அது வேறு வடிவமும் எடுக்கும். சிறுபருப்பு என்று ஆழ்வாரே அருளியிருப்பதால் சேர்ப்பதில் குறை சொல்ல இடமில்லை. சர்க்கரைப் பொங்கலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பருப்பில் இல்லை, பாலில் இருக்கிறது. பொங்கல் நீரில் வேகும். அக்காரவடிசில் பாலில் வேக வேண்டும். பருப்பு சேர்க்காத இல்லங்கள் தங்கள் பெரியோர் வழியையே தொடரட்டும். சேர்ப்பவர்களைப் பார்த்து முகம் சுளிக்க மட்டும் வேண்டாம்.

முந்திரிப்பருப்பைப் பற்றியும் ஒரு சொல். அது இல்லாவிட்டால் அக்காரவடிசில் நிறைவு பெறாது என்று நினைக்கிறோம். முந்திரி மரம் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியரால் 16ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. பழந்தமிழில் முந்திரிகை என்றால் திராட்சை. ஆய்ச்சியின் பட்டியலில் அது இருந்திருக்க வழியில்லை. நெய்யில் வறுத்துச் சேர்ப்பவர்களைத் தடுக்க நாம் வரவில்லை. விலையை எண்ணி அதை விட்டுவிட நேர்ந்தவர் தம் தளிகையில் ஏதோ குறைந்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை.

சொல்லால் நிறைந்த தடாக்கள்

அடுதல் என்றால் சமைத்தல். அந்த வினையடியாகப் பிறந்த பெயர் அடிசில். அக்காரம் என்பது சர்க்கரை என்னும் வடசொல்லோடு உறவுடைய சொல். இவ்விரண்டும் கூடிய அக்காரவடிசில் என்னும் பெயர் நாச்சியார் திருமொழி ஒன்பதாம் திருமொழி, ஆறாம் பாசுரத்தில் வருகிறது. திருமாலிருஞ்சோலை அழகரைக் குறித்த பதிகம் அது. நூறு தடா வெண்ணெயையும் நூறு தடா அக்காரவடிசிலையும் அழகருக்கு நேர்ந்துகொள்கிறாள் ஆண்டாள். தடா என்பது சிறு பாத்திரமன்று, பெரிய மிடா. தந்தையின் பாட்டில் ஒரு வீட்டு ஆய்ச்சி ஒரு பானையில் சமைத்தது, மகளின் பாட்டில் நூறு மிடாக்களாகப் பெருகிவிட்டது.

ஆனால் அந்த நூறு மிடாக்களில் ஒன்றாவது அடுப்பில் ஏறியதா? பாசுரத்தின் வினைச்சொற்களைக் கவனிக்க வேண்டும். வெண்ணெயை வாயால் நேர்ந்ததாகச் சொல்கிறாள். அக்காரவடிசிலைச் ‘சொன்னேன்’ என்கிறாள். சமைத்தேன் என்றோ படைத்தேன் என்றோ அவள் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனக் கைங்கர்யம் செய்யும் ஒரு பெரியவருடைய பெண்பிள்ளை நூறு மிடா நெய்க்கும் பாலுக்கும் எங்கே போவாள்? அவளிடத்தில் இருந்தது வாக்கு. அதை நிறைத்து வைத்தாள். அதன்பின், செல்வம் மேன்மேலும் ஏறிக்கொண்டே இருக்கும் பெருமான் இன்று வந்து இவற்றை ஏற்பானோ என்று கேட்கிறாள். அடுத்த பாசுரத்தில், இன்று வந்து இத்தனையும் ஏற்பானாகில் ஒன்றுக்கு நூறாயிரமாகத் தந்து, அதற்கு மேலும் அடிமை செய்வேன் என்கிறாள். கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. அவன் வந்தான் என்றோ ஏற்றான் என்றோ பதிகத்தில் இல்லை.

நேர்த்திக்கடன் ஒன்று பாசுரத்தில் எழுதப்பட்டு நிறைவேறாமல் இருக்கிறது. ஓதுகிறவர்கள் அத்தனை பேரும் அதைப் பாட்டாகவே ஓதிப் போனார்கள். சில நூற்றாண்டுகள் கழித்து வந்த ஒருவர் அதைக் கடனாகப் படித்தார். எம்பெருமானார் (1017–1137) திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளியபோது நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அழகருக்கு அமுது செய்வித்து, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளினார் என்றும், ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்து எதிர்கொண்டாள் என்றும் குருபரம்பரை கூறும். கோயிலண்ணர் என்னும் திருநாமம் அவருக்கு இதனால் வந்தது. காலத்தால் முன்னவளான ஆண்டாளை உடையவருக்குத் தங்கையாகவே வாழித்திருநாமத்தில் நாம் போற்றுகிறோம். தங்கை வாயால் நேர்ந்ததை அண்ணன் கையால் செய்து முடிப்பது வீட்டு முறைதானே.

ஓர் இலக்கியத்தைப் படித்தவர் அதில் வரும் உணவைச் சமைத்துப் பார்ப்பது இன்று உலகமெங்கும் விருப்பமான பொழுதுபோக்காக இருக்கிறது. கதைமாந்தர் உண்டதைத் தாமும் உண்டு பார்க்கும் ஆவல் தவறானதன்று. எம்பெருமானார் செய்தது அதனோடு வெளித்தோற்றத்தில் ஒத்ததாயினும் உள்ளே வேறு. அவர் சுவைத்துப் பார்ப்பதற்காகச் சமைக்கவில்லை. பாடியவளுடைய வாக்கு வீணாகக் கூடாது என்பதற்காக அடுப்பு மூட்டினார். நம் வீட்டுக் கூடாரவல்லித் தளிகை இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்கிறது என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

இடையில் ஒன்று. அழகர்கோயிலில் இன்று பக்தர்கள் பெரிதும் விரும்பிப் பெறும் ப்ரஸாதம் தோசை. ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரை ஊரறியச் செய்திருக்கும் பால் பண்டம் பால்கோவா. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டும் சுவையானவை, இரண்டும் அந்தந்த ஊருக்குப் பெருமை. ஆயினும் பால்கோவாவை ஆண்டாளின் பாற்சோற்றோடு முடிச்சுப் போட்டுச் சிலர் பேசுவது பொருந்தாது. பாசுரத்தில் இல்லாததை உள்ளே நுழைப்பது அன்பினால் செய்யப்பட்டாலும் அருளிச்செயலுக்குச் செய்யும் உபகாரம் அன்று.

முழங்கை வரை வழிந்த நெய்

இனித் திருப்பாவைக்கு வருவோம். 27ஆம் பாசுரத்தைத் தனியே படிக்கலாகாது, இரண்டாம் பாசுரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே நோன்பு தொடங்கும்போது ஆயர் சிறுமியர் நான்கு பொருள்களை விலக்கினார்கள்: நெய், பால், கண்ணுக்கு மை, கூந்தலுக்கு மலர். இங்கே கையிலும் தோளிலும் காதிலும் காலிலும் அணிகலன்களைக் கேட்கிறார்கள். புத்தாடை உடுப்போம் என்கிறார்கள். அதன் பிறகே பாற்சோற்றுக்கு வருகிறார்கள். விலக்கியவை எல்லாம் கூடுதலாகத் திரும்புகின்றன. நெய்யை விட்டவர்களுக்குத்தான் நெய் முழங்கை வரை வழிகிறது. இருபத்தைந்து நாள்கள் கறந்த பாலும் காய்ச்சிய நெய்யும் அந்த வீடுகளில் சேர்ந்து கிடந்திருக்கும். அதையெல்லாம் ஒரே நாளில் வார்க்கச் சொல்கிறார்கள் போலும் என்று எண்ணத் தோன்றுகிறது.

எனவே மார்கழி முழுவதும் ஒன்றையும் குறைத்துக்கொள்ளாமல் இருந்து, 27ஆம் நாள் மட்டும் நெய்யொழுக உண்பது பாசுரத்தின் பிற்பாதியை மட்டும் உண்பதாகும். எல்லோராலும் நெய்யையும் பாலையும் ஒரு மாதம் விட முடியாது. குழந்தைகள் இருக்கும் வீடு, நோயாளிகள் இருக்கும் வீடு. ஆனால் காப்பியில் ஒரு வேளையையோ, மாலைச் சிற்றுண்டியையோ விட முடியாதவர் மிகச் சிலரே. இரண்டாம் பாசுரத்தில் இன்னொன்றும் உண்டு: தாங்கள் உண்ணாத அந்த நாள்களில் அவர்கள் பிறருக்கு இயன்ற அளவும் இடுகிறார்கள். விடுவதும் இடுவதும் அங்கே ஒரே பாட்டில் நிற்கின்றன.

நெய் முழங்கை வரை எப்படி வழியும்? கவளத்தை எடுத்தவுடன் வாயிலிட்டால் விரலோடு நின்றுவிடும். கவளம் ஏந்திய கை உயர்ந்து, வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றால்தான் நெய் மணிக்கட்டைக் கடந்து முழங்கைக்கு இறங்கும். கை ஏன் நின்றது? கண் வேறிடத்தில் இருந்தது. எதிரே அமர்ந்திருக்கிற கண்ணனுடைய திருமுகத்தில். காலக்ஷேபங்களில் பெரியோர் சொல்லக் கேட்டு அநுபவிக்கும் நயம் இது. பசி தீர உண்பது இங்கே நோக்கமன்று, பிரிந்திருந்த துயர் தீரக் கூடியிருந்து குளிர்வதே உத்தேச்யம் என்று பூர்வாசார்யர்கள் காட்டியிருப்பதும் இதையே. கூடாதவர்களை வென்றவன், கூடினவர்களுக்குத் தோற்கிறான். கூடுதல் என்னும் அந்தச் சொல்லில் தொடங்கிக் கூடுதலிலேயே முடிகிறது பாசுரம். அந்நாளுக்குக் கூடாரவல்லி என்னும் பெயரும் பாசுரத்தின் முதற்சொல்லிலிருந்து வந்ததே.

அடுத்த பாசுரத்தையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். இத்தனை அணிகலனும் ஆடையும் நெய்ச்சோறும் கேட்டவர்கள், 28ஆம் பாசுரத்தில், நாங்கள் பசுக்களின் பின்னே சென்று காடு சேர்ந்து உண்பவர்கள், அறிவு சிறிதும் இல்லாத குலத்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். காட்டில் உண்பவர்களுக்கு இலை ஏது, மணை ஏது, இன்ன நேரத்தில் உண்பது என்ற நியமம் ஏது? மடியோடும் ஆசாரத்தோடும் தளிகை செய்வது நமக்கு அழகு. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் ‘எங்கள் வீட்டு வெண்கலப் பானைபோல் யாரிடத்தில் உண்டு’ என்னும் எண்ணம் தலைதூக்கும்போது, இந்தத் தளிகையைப் பாடியவள் தன்னை மாடு மேய்ப்பவர்களின் கூட்டத்தில் வைத்துப் பாடினாள் என்பது நினைவுக்கு வர வேண்டும்.

அடுப்படியில்

செய்முறைக்கு வருகிறோம். நான்கைந்து பேர் உள்ள இல்லத்துக்குப் பச்சரிசி ஒரு டம்ளர், பயத்தம்பருப்பு கால் டம்ளர், பசும்பால் ஆறு டம்ளர், பொடித்த வெல்லம் இரண்டு டம்ளர், நெய் ஒரு டம்ளர். ஏலக்காய், குங்குமப்பூ, கடுகளவு பச்சைக்கற்பூரம் ஆகியவை பிற்சேர்க்கை. பச்சைக்கற்பூரம் சற்றே கூடினாலும் தளிகை முழுவதும் கைத்துவிடும். நாவில் பார்க்காமல் செய்வதால் இதில் மிகுந்த கவனம் வேண்டும்.

அடி கனத்த பாத்திரத்தில் ஒரு கரண்டி நெய் விட்டுப் பருப்பை மணம் வரும்வரை வறுத்து, அரிசியையும் சேர்த்து லேசாகப் பிரட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு டம்ளர் பால் கொதித்ததும் இவற்றைக் களைந்து போட்டுத் தணலைக் குறைத்துவிடலாம். மீதி இரண்டு டம்ளர் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறிக்கொண்டே வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த நேரத்தைக் குறைக்க முயன்றால் பால் வற்றிச் சுண்டும் சுவை வராது. கிளறுகிற கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். திருப்பாவை முப்பதையும் நிதானமாக ஒருமுறை அநுஸந்தித்து, நாச்சியார் திருமொழி ஒன்பதாம் திருமொழியையும் ஸேவிக்க இந்நேரம் தாராளமாகப் போதும்.

அரிசி கரண்டியின் பின்புறத்தில் வைத்து அழுத்தினால் மாவாக மசிய வேண்டும். அதுவரை வெல்லத்தைச் சேர்க்கலாகாது. இனிப்பு சேர்ந்தபின் அரிசி மேற்கொண்டு வேகாது, விரைத்து நின்றுவிடும். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, இளம்பாகாகக் காய்ச்சிச் சற்று ஆறவைத்து, அடுப்பைத் தணித்த பின்பே ஊற்ற வேண்டும். வெல்லத்தில் உள்ள புளிப்புத்தன்மையால் கொதிக்கும் பால் திரிந்துபோகும் வாய்ப்பு உண்டு. நெய்யையும் ஒரே முறையாக ஊற்றாமல் நான்கைந்து தடவையாகச் சேர்த்தால் சோறு உள்ளிழுத்துக்கொள்ளும். கடைசித் தடவை வார்ப்பது மட்டும் மேலே நிற்கும். பாசுரத்தில் சோற்றை மூடிய நெய் அதுவே என்று கொள்ளலாம்.

குக்கரில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அரிசியையும் பருப்பையும் குக்கரில் குழைய வேகவைத்து, பிறகு மீதிப் பாலோடு திறந்த பாத்திரத்தில் அரை மணியாவது சுண்டக் காய்ச்சினால் குறையில்லை. டின்னில் அடைத்து விற்கும் இனிப்புக் கெட்டிப்பாலைச் சேர்ப்பது நமக்கு உடன்பாடில்லை. பாலை வற்றவைக்கும் பொறுமையும் இந்தத் தளிகையில் ஒரு பண்டம். அதைக் கடையில் வாங்க முடியாது.

இனி, இரண்டு சங்கடங்கள். சர்க்கரை நோயால் இனிப்பு கூடாது என்றிருப்பவர் பலர் நம் இல்லங்களில் இருக்கிறார்கள். மற்றவர் உண்ண, அவர் ஒருவர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பது அன்றைய நாளுக்குப் பொருந்துமா? பாடத்தின் தொடக்கத்தில் எழுப்பிய ஐயமே இதற்கு விடையாகிறது. திருப்பாவை சொல்வது பாற்சோறு. வெல்லம் சேர்ப்பதற்கு முன்பு ஒரு சிறு பாத்திரத்தில் தனியே எடுத்து, நெய் வார்த்து, அக்காரவடிசிலோடு அதையும் பெருமாளுக்கு ஸமர்ப்பித்துவிடலாம். மருத்துவர் சொன்ன அளவுக்குள் அதில் இரண்டு கவளம் உண்பவர் 27ஆம் பாசுரத்தின் சொல்லை எழுத்துப் பிசகாமல் உண்டவர். அவருக்கு ஒதுக்கிக் கொடுத்த பத்தியச் சோறு அன்று அது. அன்று அந்தப் பந்தியில் ஆண்டாள் சொன்னபடியே உண்டவர் அவர் ஒருவர்தான்.

மற்றது கடினமானது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியே வாழும் முதியவர்கள். பனி கொட்டும் ஓர் ஊரில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, மின்னடுப்பில் அரை டம்ளர் அரிசி வைக்கும் மாணவர்கள். கூடியிருந்து என்னும் சொல்லைத் தனியாக நின்று எப்படி நிறைவேற்றுவது? செய்து, படம் எடுத்து, உறவினருக்கு அனுப்பிவிட்டுத் தனியே உண்பது இப்போது வழக்கமாகி வருகிறது. படத்தை நாம் பழிக்கவில்லை. அதைப் பார்த்து மகிழும் தாயார் உண்டு. ஆயினும் படம் பார்த்தவருக்கு ஒரு கவளமும் கிடைக்கவில்லை.

நாம் சொல்லக்கூடியவை இவ்வளவே. ஒரு டம்ளருக்குப் பதிலாக அரை டம்ளர் அரிசி வைத்தாலும் இரண்டு கிண்ணம் மிகும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு இதைவிட நல்ல காரணம் ஆண்டில் வேறு நாளில் கிடைக்காது. எதிர்வீட்டார் எவராயினும், எந்த மொழி பேசுபவராயினும், பெருமாள் அமுது செய்த ப்ரஸாதத்தை ஒரு கிண்ணத்தில் கொடுத்து, இது என்ன என்று கேட்டால் ஒரு பெண் பிள்ளையின் நேர்த்திக்கடனை ஒரு ஸந்யாசி நிறைவேற்றிய கதையைச் சொல்லலாம். கதவைத் தட்டக் கூச்சப்படுபவர் கோயிலுக்கோ, அன்று திருப்பாவை கோஷ்டி நடக்கும் இல்லத்துக்கோ பாத்திரத்தோடு போகலாம். நடக்க முடியாமல் வீட்டிலேயே இருப்பவர்க்கு, பெருமாள் ஸந்நிதியில் இலையை வைத்துவிட்டுத் திரும்பி உடனே அடுக்களைக்குள் போகாமல், திரையை நீக்கி எதிரே சற்று நேரம் அமர்ந்திருப்பதும் கூடியிருத்தலே. ஆயர் சிறுமியரும் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை.

ஒரு குறிப்போடு நிறுத்துகிறோம். அக்காரவடிசில் ஆறினால் இறுகும். இறக்கும்போது சற்றுத் தளர இருப்பதே சரி. அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன் அரை டம்ளர் சூடான பாலை விட்டுக் கிளறி, மேலே ஒரு கரண்டி நெய் வார்த்து, கிண்ணத்தை மூடி எடுத்துச் செல்லவும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.